உயரம் மாறுகிற இடத்தில்

அன்பு மருமகனே,

எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு புது வீட்டுக்குப் பெண்ட்ரி கபட் செய்ய ஒத்துக்கொண்டாய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். 10க்கு 12 அடி லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த நம் சனம், 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீட்டுக்குப் போகிறது. அந்தக் குசினி திருத்தமாக அமைய வேண்டும்.

உயரமான கபட்டும் பதிவான கபட்டும் ஒட்டி வரும்போது மேல் பீடிங்கை எப்படி முடிப்பது என்று கேட்டிருந்தாய். பலகை வைத்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்காதே. அது குசினியை இருட்டாக்கும். உயரமானதன் பீடிங் முகப்போடு நிற்காமல் பக்கவாட்டில் திரும்பிச் சுவரைத் தொடட்டும். பதிவானதன் பீடிங் உயரமானதன் பக்கப் பலகையில் முட்டி முடியட்டும். பலர் கோட்டைவிடுவது இந்த முட்டில்தான். இரண்டும் ஒரே ஆழமாக இருந்தால், பதிவானதன் பீடிங் 2 அங்குலம் துருத்திக்கொண்டு, வெட்டு முனை எல்லார் கண்ணிலும் படும். பதிவானது 12 அங்குல ஆழமென்றால் உயரமானதை 15 அங்குலம் வை. பெட்டிக்குப் பலகை அறுக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது. அறுத்து முடித்துவிட்டாய் என்றால், உயரமானதற்குப் பின்னால் சட்டம் அடித்து 3 அங்குலம் முன்னே தள்ளு. பக்கத்தில் தெரியும் இடைவெளியை ஒரு பலகையால் மூடிவிடு.

உயரமானதன் பீடிங் பக்கவாட்டில் திரும்பும் மூலையில் 45 பாகை வெட்டு. வாள் பெட்டிக்குள் பீடிங்கைத் தலைகீழாக, கூரையைப் பார்க்கும் விளிம்பு அடியில் இருக்கும்படி வை. பக்கத் துண்டை முகப்புத் துண்டின் அதே கம்பிலிருந்து எடு, இழை தொடர்ந்து ஓடும். சாய்வு வெட்டை முதலில் போட்டு, பிறகு துண்டாக்கு. சின்னத் துண்டைக் கையில் பிடித்து அறுப்பது ஆபத்து. அதில் ஆணி அடிக்காதே, பிளந்துவிடும். பசை போதும்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேகாலையில் இறப்பர் மரத்துக்குப் பஞ்சமில்லை. போரன் மருந்து ஏற்றிச் சூளையில் காய வைத்ததை மட்டும் வாங்கு. மற்றதை வண்டும் பூஞ்சணமும் விடாது. காய்ந்த மரமும் நம் பக்கத்தில் சும்மா இருக்காது. பக்கத்து இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஈரம் ஏறினால் மரம் அகலத்தில் உப்பும், நீளத்தில் அநேகமாக மாறாது. நீ சரியாக வெட்டிய மூலை அதனால் வாய் பிளக்கும். பீடிங்கை அந்தக் குசினியிலேயே ஒரு கிழமை போட்டு வைத்த பிறகு அறு. பொருத்தும் முன் பின்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசு. பசை பிடிக்க வேண்டிய முகத்தை மட்டும் விட்டுவிடு.

அளவெடுத்ததும் படம் வரைந்து அனுப்பு, பலகை அறுக்க முன் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா