நெட்வொர்க்கில் இரண்டு ரூட்டர்கள்

"டேய், டேலி ஓப்பன் ஆகலடா. பிரிண்ட்டும் போகல. நாளைக்குக் கடைசி நாள். ஒரு எட்டு வந்துட்டுப் போ."

2024 ஜூலை 30 அன்று காலை சித்தப்பாவிடமிருந்து இந்த போன் வந்தது. அவர் ஆடிட்டர். மறுநாள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள். சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே தெரிந்திருக்கும் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. கிளம்பிப் போனேன்.

அங்கே மொத்தம் எட்டு கம்ப்யூட்டர்கள். கணக்கு ஃபைல்கள் எல்லாம் ஒன்றில் இருக்கின்றன, அதுதான் சர்வர். மற்ற ஏழிலிருந்தும் அந்த ஃபைல்களைத் திறக்கலாம், ஒரே பிரிண்டரில் அச்சடிக்கலாம், ஒரே இன்டர்நெட் இணைப்பைப் பயன்படுத்தலாம். இப்படிப் பகிர்ந்துகொள்வதற்காகக் கம்ப்யூட்டர்களை இணைப்பதுதான் நெட்வொர்க். ஓர் அலுவலகத்துக்குள் அடங்கிவிடும் நெட்வொர்க்கை லேன், அதாவது லோக்கல் ஏரியா நெட்வொர்க் என்பர்.

அன்று மூன்று கம்ப்யூட்டர்களில் எல்லாம் சரியாக இருந்தது. நான்கில் எதுவுமே வேலை செய்யவில்லை. வழக்கமாக சர்வீஸ் செய்பவர் போனிலேயே, "வைரஸாத்தான் இருக்கும், சர்வரை ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சொல்லியிருந்தார். "பேக்அப் எப்ப எடுத்தீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மார்ச்ல இருக்கும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மூன்று கம்ப்யூட்டர்களில் சர்வர் திறக்கிறதென்றால் சர்வரில் கோளாறு இல்லை. பாதையில்தான் எங்கோ சிக்கல். பாதையைப் பார்ப்போம்.

கம்ப்யூட்டரின் பின்புறம் லேன் கேபிள் செருகும் துளை இருக்கும். டெலிபோன் பின் போலவே, ஆனால் சற்று அகலமாக, கிளிக் என்று மாட்டிக்கொள்ளும். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஒரே வீச்சில் 100 மீட்டர் வரை இழுக்கலாம். துளையின் அருகே சிறு விளக்கு எரிந்தால் இணைப்பு இருக்கிறது என்று பொருள். எரியாவிட்டால் முதலில் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்; பாதிப் பிரச்னைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லாக் கேபிள்களும் போய்ச் சேரும் பெட்டி ஸ்விட்ச். முன்பு இந்த இடத்தில் ஹப் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் தகவலை ஹப் மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடும். ஸ்விட்ச் அப்படியில்லை. எந்தத் துளையில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, உரியவருக்கு மட்டும் சேர்க்கும். அன்று ஸ்விட்சில் எல்லா விளக்குகளும் எரிந்தன. ஆக, கேபிளும் ஸ்விட்சும் குற்றவாளிகள் இல்லை.

அடுத்தது ரூட்டர். ஸ்விட்ச் அலுவலகத்துக்குள் இருப்பவற்றை இணைக்கிறது. ரூட்டர் அந்த நெட்வொர்க்கை வெளியே உள்ள இன்டர்நெட்டுடன் இணைக்கிறது. உங்கள் வீட்டு பிராட்பேண்ட் பெட்டியில் ரூட்டர், சிறிய ஸ்விட்ச், வைஃபை மூன்றும் சேர்ந்தே இருப்பதால் பலருக்கும் இந்த வேறுபாடு தெரிவதில்லை. ரூட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆன் செய்யப்படும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அது ஒரு ஐ.பி. முகவரி கொடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர்.

முகவரி 192.168.1.23 என்பது போல இருக்கும். சிறிய நெட்வொர்க்குகளில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர், கடைசி எண் கதவிலக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 192.168 என்று தொடங்குபவை தனியார் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அதனால் உங்கள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் இதே எண் இருந்தாலும் மோதல் வராது.

உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியைப் பார்க்க, விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று இடைவெளி விடாமல் டைப் செய்து மீண்டும் என்டர் தட்டினால் போதும்.

நான் அதைத்தான் செய்தேன். வேலை செய்த கம்ப்யூட்டர்களில் 192.168.1 என்று தொடங்கியது. வேலை செய்யாத நான்கிலும் 192.168.0! வேறு தெரு. சர்வரும் பிரிண்டரும் இருப்பதோ 1-ஆம் தெருவில். டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் 192.168.0.1 என்று இருந்தது. அலுவலக ரூட்டரின் எண் அது அல்ல. அப்படியானால் யாரோ இன்னொருவர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தேடியதில் பின் அறையில் ஃபைல் அலமாரி மேல் ஒரு பழைய வைஃபை ரூட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் செல்போனுக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்து முந்தின நாள் மாலை ஸ்விட்சில் செருகியிருக்கிறான். "வைஃபை மட்டும்தான் வரும்னு நினைச்சேன் சார்" என்றான். காலையில் ஆன் செய்யும்போது எந்த ரூட்டர் முந்திக்கொண்டதோ அதனிடம் முகவரி வாங்கியிருக்கின்றன கம்ப்யூட்டர்கள். சர்வருக்கும் பிரிண்டருக்கும் மாறாத முகவரியை முன்பே கையால் கொடுத்திருந்ததால் அவை தப்பின.

அந்தக் கேபிளைப் பிடுங்கி, நான்கு கம்ப்யூட்டர்களையும் ரீஸ்டார்ட் செய்தோம். டேலி திறந்தது. சித்தப்பா பேசாமல் போய் வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஒருவேளை உங்கள் கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் நிலைமை நேர் எதிர்: முகவரி கொடுக்க யாருமே இல்லாததால் விண்டோஸ் தானாக வைத்துக்கொண்ட எண் அது. ரூட்டர் ஆனில் இருக்கிறதா, கேபிள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ரூட்டரை வீணாக்க வேண்டியதில்லை. அதன் செட்டிங்ஸுக்குள் போய் டி.எச்.சி.பி.யை ஆஃப் செய்து, அதற்கு 1-ஆம் தெருவில் வேறு யாருக்கும் போகாத ஓர் எண்ணைக் கொடுத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகினால் வைஃபை கொடுக்கும் வேலையை மட்டும் செய்யும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்தப் பையனையே பக்கத்தில் உட்கார வைத்து இதைச் செய்து கொடுத்தேன். அதற்கு முன்பே, ஜூலை 30 இரவே, சர்வரில் இருந்தவற்றை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.