திறன்பேசி கணினியோடு இணைய மறுத்தால்

ஜூலை மாதம் நெருங்கினால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பணி தொடங்கிவிடுகிறது. திறன்பேசியில் இறக்கி வைத்த கணக்கு அறிக்கை, வட்டிச் சான்றிதழ், காப்பீட்டு ரசீதின் படம் ஆகியவற்றைக் கணினிக்கு மாற்றும் தேவை அப்போது பலருக்கும் எழுகிறது. கேபிளைச் செருகியதும் சார்ஜ் ஏறுகிறது; கணினித் திரையிலோ திறன்பேசி தென்படுவதே இல்லை. கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணி, அருகிலுள்ள கடையில் அதனை ஒப்படைத்துவிடுவோரும் உண்டு. நம் வங்கிக் கணக்கின் திறவுகோலும் அக்கருவிக்குள்தான் இருக்கிறது என்பதால், அதனைப் பிறர் கையில் கொடுக்குமுன் நாமே சில சோதனைகளைச் செய்து பார்ப்பது நலம்.

மின்சாரம் செல்கிறது, தகவல் செல்லவில்லை என்பதே இங்கு முதல் தடயம். யூ.எஸ்.பி. 2.0 முறையில் அமைந்த கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உள்ளன. இரண்டு மின்சாரத்துக்கு உரியவை. மற்ற இரண்டும் தகவலுக்கு உரியவை. மலிவாக விற்கப்படும் கேபிள்கள் சிலவற்றிலும், சிறு மின்கருவிகளோடு இணைப்பாக வருபவை சிலவற்றிலும் தகவலுக்கான கம்பிகள் இடம்பெறுவதே இல்லை. வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண இயலாது. ஆகவே, திறன்பேசியோடு வந்த கேபிளையோ, வேறொரு கருவியில் கோப்புகளை மாற்றிக் காட்டிய கேபிளையோ கொண்டு சோதிக்க வேண்டும். மேசைக் கணினியாயின், பின்புறத் துளையில் நேரடியாகச் செருகிப் பார்ப்பதும் பயன் தரும்.

கேபிள் சரியாக இருந்தும் இணைப்புக் கிட்டவில்லையெனில், அது பெரும்பாலும் பழுதன்று; பாதுகாப்பு ஏற்பாடு. 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கேபிளைச் செருகியவுடன் சார்ஜ் மட்டுமே ஏறும். உரிமையாளர் இசைவு தந்தால்தான் கோப்புகள் கணினிக்குப் புலப்படும். அறியாத இடத்தில் சார்ஜ் ஏற்றும்போது நம் படங்களும் ஆவணங்களும் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றம் இது. திரைப்பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, யூ.எஸ்.பி. குறித்த வரியைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தால் போதும். பூட்டைத் திறக்காமல் இணைத்தால் கணினியில் வெற்றுக் கோப்புறையே தெரியும். கோப்புகள் அழிந்துவிட்டன என்று அஞ்ச வேண்டியதில்லை. இறக்கிய அறிக்கைகள் 'டவுன்லோட்' கோப்புறையிலும், கேமராவில் எடுத்த படங்கள் 'டிசிஐஎம்' கோப்புறையிலும் இருக்கும்.

ஐபோனில், இக்கணினியை நம்பலாமா என்று கேட்கும் அறிவிப்புக்கு ஒப்புதல் தந்து கடவு எண்ணையும் இட வேண்டும். அதன் பின்னரும், விண்டோஸ் கணினியில் கோப்புறையைத் திறந்தால் படங்களும் காணொளிகளும் மட்டுமே தெரியும், பி.டி.எஃப். அறிக்கை தெரியாது. கேபிளை எத்தனை முறை மாற்றினும் பயனில்லை. மின்னஞ்சலில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்வதே அவர்களுக்கு எளிய வழி.

சட்டைப்பையின் நூலிழையும் தூசியும் துளைக்குள் படிந்து, செருகி முழுமையாக அமராமல் போவதும் உண்டு. திறன்பேசியை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்ல எடுத்துவிடலாம், ஊசி ஆகாது. ஈரம் இருப்பதாக அறிவிப்பு வந்தால் உலரும் வரை காத்திருப்பதே முறை. அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் நம் இல்லங்களில் பரவலாக உள்ளது. அரிசித் துகள் உள்ளே சென்று கேடு செய்யும் என்பதால் அதனைத் தவிர்க்குமாறு ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்தியுள்ளது.

இனிக் கூறப்போவதே எங்களைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்வது. இணைப்புக் கிடைக்காதபோது, 'யூ.எஸ்.பி. டீபக்கிங்' என்பதை இயக்குமாறு கடைக்காரர்களும் இணையக் காணொளிகளும் கூறுவதுண்டு. 'பில்ட் நம்பர்' என்னும் வரியை ஏழு முறை தொட்டால்தான் வெளிப்படும் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் அது மறைத்து வைக்கப்பட்டுள்ளது. செயலிகளை உருவாக்கும் பொறியாளர்களுக்கான வசதி அது. கோப்பை மாற்றுவதற்கு அது தேவையே இல்லை. அதனை இயக்கி ஒரு கணினிக்கு இசைவும் அளித்துவிட்டால், புதிய செயலியை நிறுவவும், திரையைப் படம் பிடிக்கவும், நாம் தொடுவது போலவே திரையை இயக்கவும் அக்கணினிக்கு இயலும். எப்போதும் அனுமதிக்கலாம் என்ற கட்டத்தையும் குறியிட்டுவிட்டால், மறுமுறை அக்கணினி கேட்காமலே நுழைந்துவிடும்.

இதனாலேயே பல வங்கிச் செயலிகள், டீபக்கிங் இயங்கும் திறன்பேசியில் திறக்க மறுக்கின்றன. செயலி கெட்டுவிட்டது என்று கருதி அதனை நீக்கி மீண்டும் நிறுவுவோர் பலர். அதனால் தீர்வு கிட்டாது. 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் சென்று, முன்பு கணினிகளுக்கு அளித்த இசைவுகளை முதலில் திரும்பப் பெற்று, பின்னர் அப்பகுதியையே அணைத்துவிட வேண்டும். பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கிய கருவியிலும் இதனைச் சரிபார்த்தல் அவசியம்.

தேடுபொறியில் கிடைத்த 'உதவி' எண்ணை அழைத்து, எதிர்முனையில் இருப்பவர் சொற்படி திரையைப் பகிரும் செயலியை நிறுவுவது இன்னும் கொடிது. ஓ.டி.பி. திரையில் தோன்றும் கணத்திலேயே அவருக்கும் தெரிந்துவிடும். பணம் பறிபோனது தெரிந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் அத்தொகை வேறு கணக்குகளுக்கு மாறிச் சென்றுவிடக் கூடும்.

திறன்பேசியைக் கிளைக்குக் கொண்டுவந்து, எங்கள் கணினியில் இணைத்து அறிக்கையை அச்சிட்டுத் தருமாறு கேட்கும் வாடிக்கையாளர்களும் உள்ளனர். பாதுகாப்புக் கருதி வெளிக்கருவிகளை இணைக்கும் வசதி எங்கள் கணினிகளில் முடக்கப்பட்டிருப்பதால் மறுக்க நேர்கிறது. அதனை அலட்சியமாகக் கருத வேண்டாம். கணக்கு அறிக்கையை இணைய வங்கிச் சேவையின் வழியே வீட்டுக் கணினியிலேயே நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். கிளைக்கு வருவோர் அடையாளச் சான்றுடன் கணக்கு எண்ணைத் தெரிவித்தால், வங்கிப் பதிவிலிருந்தே அச்சிட்டுத் தருகிறோம்.