மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் எழுதப்படாத செலவு

ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுந்த மனநிலை எது என்பதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தனது 12-ஆம் பிரிவில் விளக்குகிறது. அதன்கீழ் உள்ள எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, காய்ச்சலால் நினைவு தடுமாறிப் பிதற்றும் மனிதரைப் பற்றியது. இயல்பில் நல்லறிவு உடையவரே ஆயினும், அந்தத் தடுமாற்றம் நீடிக்கும்வரை அவர் ஒப்பந்தம் செய்ய இயலாது. நம் முன்னோர் 'சன்னி கண்டுவிட்டது' என்றதும், இன்றைய மருத்துவர்கள் 'டெலிரியம்' என்று குறிப்பதும் பெரும்பாலும் இந்நிலையையே. இது வந்து நீங்கக்கூடியது என்பதைச் சட்டம் அன்றே அறிந்திருந்தது. நம் இல்லங்களிலோ, முதியவர் ஒருவர் திடீரெனக் குழம்பினால் 'வயதாகிவிட்டது' என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். அவ்வாறு கழியும் ஓரிரு நாட்களுக்குக் குடும்பம் கொடுக்கும் விலை பெரிது.

டெலிரியம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ தோன்றும் மூளைச் செயற்பாட்டுக் குழப்பமாகும். மறதிநோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. இதுவோ, நேற்றுவரை செய்தித்தாள் படித்து வரவு செலவு பார்த்தவரை இன்று மகனின் பெயரையே தேடவைக்கும். இதன் முதன்மையான அடையாளம் கவனச் சிதறல். மற்றோர் அடையாளம் ஏற்ற இறக்கம். காலையில் மருத்துவர் பார்க்க வரும்போது தெளிவாகப் பேசுபவர், இரவில் மருத்துவமனையை ரயில் நிலையம் என்றெண்ணிக் கட்டிலிலிருந்து இறங்க முயல்வார். கூச்சலிடுபவரை எவரும் கவனிப்பர். ஆனால் முதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் அமைதியான வகையில், அவர் உண்ணாமல், பேசாமல், அரைத்தூக்கத்தில் கிடப்பார். 'பாவம், அசதி, உறங்கட்டும்' என்று விட்டுவிடுகிறோம். அதிகம் தவறவிடப்படுவது இந்த வகைதான்.

முதுமையில் மூளையின் தாங்குதிறன் குறைந்திருப்பதால் சிறு காரணமும் போதுமானதாகிவிடுகிறது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தணிக்கப்படாத வலி, உறக்கமின்மை ஆகியவை வழக்கமான தூண்டுதல்கள். இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் நீர்பிரி மாத்திரைகள் சிலருக்கு இரத்தத்தில் சோடியம் உப்பைக் குறைத்துவிடும். சளிக்காக மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும், குளோர்ஃபெனிரமைன் கலந்த மாத்திரையும், உறக்கத்துக்கான அல்பிரசோலமும் இதில் பங்குடையவை. இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சைக்குப்பின் இக்குழப்பம் மிகவும் சாதாரணமாகக் காணப்படுகிறது. இக்குழப்பத்துக்கு ஆளானவர்களிடையே பின்னர் இறப்பும், மறதிநோயும், பிறரைச் சார்ந்து வாழும் நிலையும் மிகுதி என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

இதனைத் தடுக்க இயலுமா என்று ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனோயே. யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனையில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரிடம் அவரது குழுவினர் நடத்திய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. அதில் கையாளப்பட்ட வழிகளில் அரிய மருந்து எதுவும் இல்லை. நோயாளிக்கு நாளும் இடமும் நினைவூட்டப்பட்டன. மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்பட்டன. அவ்வப்போது குடிக்க நீர் தரப்பட்டது. விரைவில் எழுந்து நடக்கச் செய்தனர். இரவில் உறக்க மாத்திரைக்குப் பதிலாக இளஞ்சூட்டுப் பானமும் அமைதியான சூழலும் அளிக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கு வந்த குழப்பம், இவர்களில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது. ஆனால் குழப்பம் ஏற்பட்ட பின்னர் அதன் கடுமையை இவ்வழிகள் குறைக்கவில்லை. ஆகவே, செய்ய வேண்டியதை முன்னரே செய்தாக வேண்டும்.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் ஓராண்டுச் செலவைக் கணக்கிட்ட மற்றோர் ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. டெலிரியம் கண்டவர்களுக்கான நாள் ஒன்றின் மருத்துவச் செலவு, மற்றவர்களுக்கு ஆனதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. அமெரிக்கா முழுமைக்கும் ஆண்டுக்கு 3,800 கோடி முதல் 15,200 கோடி டாலர் வரை இதனால் கூடுதல் சுமை என்று மதிப்பிடப்பட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல். இங்கு இச்சுமையின் பெரும்பகுதி எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. கூடுதலாகத் தங்கிய நாட்களின் அறை வாடகையும், தலையில் அடிபட்டதோ என்று எடுத்த ஸ்கேனும் கட்டணச் சீட்டில் இருக்கும். இரவில் விழித்திருக்க அமர்த்திய ஆளின் கூலி, மகள் எடுத்த சம்பளமில்லா விடுப்பு, நாள்கணக்கில் பூட்டிக்கிடந்த கடை ஆகியவை அதில் இரா. காப்பீடும் இங்கே ஓரளவுக்கே கைகொடுக்கும். 70 வயது நிறைந்த அனைவருக்கும் 2024 முதல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவுகிறது. வீடு திரும்பிய பின்னர் 15 நாட்களுக்கான செலவும் அதில் அடங்கும். ஆயினும் மாதக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொள்ளும் பணியாளுக்கான ஊதியம் பெரும்பாலும் குடும்பத்தின் கையிருப்பிலிருந்தே போகிறது. நம்மிடம் உள்ள ஒரு வலிமை, நோயாளியின் அருகில் எப்போதும் ஓர் உறவினர் இருப்பது. தெரிந்த முகமும் தெரிந்த குரலும் மேற்சொன்ன வழிகளுக்கெல்லாம் அடிப்படை. தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் அதற்கு வாய்ப்புக் குறைவு. அங்கே குறைந்தது கண்ணாடியையும் செவிக்கருவியையும் செவிலியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

வங்கி சார்ந்த சிலவற்றையும் இங்கே கூறியாக வேண்டும். குழப்பத்தில் இருப்பவரிடம் காசோலையை நீட்டிக் கையெழுத்துப் பெறுவதோ, ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்குவதோ முறையன்று. பின்னர் வழக்குக்கும் இடம் தரும். உடல்நலிவால் கையெழுத்திட இயலாத முதியவர், வங்கி அலுவலர் உள்ளிட்ட இரு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் பெற வழியுண்டு. ஆனால் அது தெளிந்த மனமுடையவருக்கே பொருந்தும். அதிகாரப் பத்திரம் இருக்கிறதே என்று சிலர் துணிவர். அளித்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரம் முடிவுக்கு வரும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. நியமனதாரருக்கோ, கணக்குதாரர் உயிருடன் உள்ளவரை எந்த உரிமையும் இல்லை.

ஆகவே, கண்புரை, மூட்டு மாற்று போன்று முன்கூட்டியே நாள் குறிக்கப்படும் சிகிச்சைகளுக்கு முன்னரே சேமிப்புக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறைக்கு மாற்றிக்கொள்வது நன்று. வைப்புத்தொகைக்கு இது மட்டும் போதாது. கூட்டு வைப்பை முதிர்வுக்கு முன் முறிக்கப் பொதுவாக இருவர் கையொப்பமும் தேவை. ஒருவரே முறிக்கலாம் என்ற எழுத்துமூல ஒப்புதலை இருவரும் முன்கூட்டியே கிளையில் அளித்திருந்தால் அந்தத் தடை எழாது. வீடு திரும்பிய முதல் சில வாரங்களுக்குச் சொத்துப் பத்திரம், உயில், பெருந்தொகைப் பரிமாற்றம் ஆகியவற்றை ஒத்திவைப்பதே பாதுகாப்பானது. பகலில் தெளிந்திருப்பவர் மாலையில் மீண்டும் தடுமாறுவது அக்காலத்தில் இயல்பு. அவசியம் நேர்ந்தால், அன்றைய மனத்தெளிவு குறித்து மருத்துவரிடம் எழுத்துமூலம் சான்று பெற்ற பின்னரே கையெழுத்திடச் செய்யலாம்.