மே மாசம் ஊருக்கு வர்ற தங்கச்சிக்கு

டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணு. நம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எந்த நாள் வரும் என்று சொல்கிறேன். அதற்கு மறுநாள் வந்து இறங்கினால் தொட்டி தளும்பும்; பிள்ளைகள் தாராளமாகக் குளிக்கலாம். முந்தின நாள் வந்தால் ஆளுக்கு ஒரு பக்கெட், அவ்வளவுதான். மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர், நாள்விட்டு நாள்விட்டுத்தான் தெருவுக்கு வரும் என்பதைச் சென்னைக்குப் போய் நாலு வருஷத்தில் நீ மறந்திருப்பாய்.

இன்னொன்று. போனில் ‘அம்மாபேட்டை’ என்று போட்டுத் தேடினால் இரண்டு வரும். ஒன்று நம்முடையது, சேலத்துக்குள். இன்னொன்று ஈரோடு மாவட்டத்தில், பவானியிலிருந்து மேட்டூர் போகிற ரோட்டில், காவிரிக் கரையில். போன வருஷம் நம் சின்னம்மா மகன் கார் டிரைவரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். கண் விழித்தபோது கண்ணெதிரே காவிரி ஓடுகிறது. மாப்பிள்ளை ஓட்டி வருவதாக இருந்தால் ‘சேலம் அம்மாபேட்டை’ என்று முழுசாகப் போடச் சொல்.

இனி வெயில் விஷயம். வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில் வாணலி மாதிரி நம் ஊர். மார்ச் கடைசியிலேயே நூறு டிகிரியைத் தொட்டுவிடும். கத்திரி தொடங்கினால் கேட்கவே வேண்டாம். போன தடவை நீ பண்ணின தப்பு என்ன தெரியுமா? எட்டரைக்கு எழுந்து, சாவகாசமாக டிபன் சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குமரகிரி மலைக்குக் கிளம்பினாய். பாதிப் படியில் சின்னவன் வாந்தி எடுத்தான். மலை மேல் பழி போட்டுக்கொண்டு மிச்ச நாளெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அப்பா தறியில் இருந்த காலத்தை நினைத்துப் பார். விடிவதற்கு முன்னாலேயே பாவடியில் பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷ் இழுத்து, வெயில் உறைக்கும்முன் சுருட்டி எடுத்து வந்துவிடுவார்கள். அப்புறம் நெய்வது தறிக்குழிக்குள். காலைக் குழியில் விட்டு உட்கார்ந்தால் மண்ணின் குளிர்ச்சி முழங்கால் வரைக்கும் ஏறும். மதியம் காற்று காய்ந்துபோனால் இழை பட்டுப் பட்டென்று அறும். அதற்காகவே தறியைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளிப்பார் அப்பா. ‘நூலுக்கே நாக்கு வறளுது, மனுசனுக்கு வறளாதா’ என்று அம்மா ஒரு சொம்பு மோரை நீட்டுவாள். நம் தெருவின் கணக்கு அதுதான். விடிகாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரைக்கும் வெளியே. சாயங்காலம் ஐந்துக்கு மேல் வெளியே. நடுவில் வீட்டைத் தவிர வேறு இடம் கிடையாது. இந்தக் கணக்குக்கு ஒத்துக்கொண்டால் பத்து நாளும் கொண்டாட்டம்.

முதல் நாள் காலை அதே குமரகிரி மலை. ஆறு மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். செருப்பில்லாமல் ஏறுகிற படி. கருங்கல் ஒன்பது மணிக்கெல்லாம் தோசைக்கல். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகன் வழியில் இங்கே கொஞ்ச நாள் தங்கினான் என்று சொல்லுவார்களே, அந்தக் கதையை ஏறும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லு. கால் வலி தெரியாது. மேலே நின்றால் கீழே ஏரி தெரியும். அதைக் காட்டி, ‘அடுத்து அங்கதான்’ என்றால் இறங்குவதற்கும் தகராறு பண்ண மாட்டார்கள்.

ஏரிக் கரையில் பறவை பார்க்கலாம். வலசை வந்ததெல்லாம் போயிருக்கும். நம் ஊர்ப் பறவை போதும். முக்குளிப்பான் முங்கினால், எந்தப் பக்கம் எழும் என்று பந்தயம் கட்டச் சொல்லு. அரை மணி நேரம் போவது தெரியாது. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும், கொக்கு அசையாமல் நிற்கும். இன்னும் நல்ல இடம் வேண்டுமானால் கன்னங்குறிச்சி மூக்கனேரி. 2010 வாக்கில் சேலம் மக்கள் குழுவினர் முனைந்து தூர்வாரி, ஏரிக்குள்ளேயே சின்னச் சின்ன மண்திட்டாகப் போட்டு மரம் நட்டார்கள். இப்போது அந்தத் திட்டெல்லாம் பறவைகளின் வீடு. பின்னால் சேர்வராயன் நீலமாக நிற்கும். ஊரிலேயே எனக்குப் பிடித்த காலை அதுதான்.

ஆனால் எந்த ஏரியிலும் பிள்ளைகளை இறங்க விடாதே. ஊர்க் கழிவு கலக்கிற தண்ணீர் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. கோடையில் வண்டல் அள்ளிய இடத்தில் ஆள் உயரக் குழி இருக்கும். தண்ணீர் முழங்கால்தானே என்று நடப்பார்கள். அடுத்த அடியில் தரை இருக்காது. கல்குவாரிக் குட்டைக்கும் இதே பேச்சுதான். நீச்சல் தெரிந்தவனும் குளிக்கப் போய்த் திரும்பாத வீடு நம் பக்கம் எத்தனை என்று உனக்கே தெரியும்.

எட்டரைக்கு வீட்டுக்குள் வந்தாயா, கதவு ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடு. பத்து மணிக்குமேல் திறந்து வைத்தால் உள்ளே வருவது காற்றில்லை, அனல். மேற்குப் பக்க ஜன்னலில் கோணிச் சாக்கை நனைத்துக் கட்டு. மொட்டை மாடிக்கு நான் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடித்துவிட்டேன். மாடி ரூமில் ராத்திரி படுத்தால் வித்தியாசம் தெரிகிறது. செலவும் பெரிசில்லை, உன் சென்னை மாடிக்கும் அடிக்கலாம்.

பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் கலர் சோடா வாங்கிக் கொடுக்காதே. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அள. கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. வெயிலில் போன ஆள் உடம்பு கொதிக்க, பேச்சுக் குழற ஆரம்பித்தால் கை வைத்தியம் பார்க்கக் கூடாது. நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108க்குப் போன் போடு.

வெளியே போகாத நாளில் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்பாய். வடகம் போட வை. ஜவ்வரிசி ஊருக்கு வந்து ஜவ்வரிசி வடகம் போடாமல் போவதா? ராத்திரியே ஒரு டம்ளர் ஜவ்வரிசியை ஊற வை. விடிகாலை ஆறு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் போட்டுக் கிண்டு; மணி மணியாக இருந்தது கண்ணாடி மாதிரி ஆனால் வெந்தது. பச்சைமிளகாய் அரைத்த விழுது, சீரகம், இறக்கும்போது எலுமிச்சைச் சாறு. உப்பு மட்டும், கூழில் ருசி பார்க்கும்போது கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும் அளவுக்குத்தான். காயக் காய உப்பு ஏறும். போன வருஷம் நான் போட்டது கடல் தண்ணீரைப் பொரித்த மாதிரி இருந்தது. உங்க மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, தண்ணீர்தான் குடித்துக்கொண்டே இருந்தார்.

வெயில் வருவதற்குள் மாடியில் பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரி; நாலு மூலைக்கும் கல். பிள்ளைகள் கையில் ஸ்பூன் கொடு. கோணல்மாணலாக ஊற்றட்டும், பொரித்தால் எல்லாம் ஒன்றுதான். சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடகம் கையோடு வரும். காய்ந்த துணியில் பிய்த்தால் பாதி துணியிலேயே நிற்கும். பிறகு தாம்பாளத்தில் இரண்டு நாள் காய வேண்டும். ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். காக்காய் வராமலிருக்க, வடகத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைப்பாள் அம்மா. பயந்து வராதோ, நிழலுக்கு வருமோ, எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் வடகம் தப்பிக்கும்.

மாம்பழம். இதில் நீ ஏமாறுவது எனக்குப் பொறுக்காது. ஏப்ரலில் செந்தூரா வந்துவிடும், பிள்ளைகளுக்கு அது போதும். கிளிமூக்கு போல இருக்கிற பெங்களூராவை அறுத்து உப்பு மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிடு. மல்கோவாவுக்கு மே பாதி தாண்டட்டும். குண்டாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். இமாம் பசந்த் பழுத்தாலும் தோல் பச்சையாகத்தான் இருக்கும். காய் என்று நினைத்துத் தள்ளிவிடாதே; காம்புப் பக்கம் மோந்து பார், லேசாக அமுக்கிப் பார். வெளியே ஒரே மாதிரி மஞ்சளாக மின்னி, மோந்தால் வாசனையே இல்லாமல், அறுத்தால் உள்ளே புளிக்கிற பழம் கார்பைடு கல் வைத்தது. சட்டப்படி தடை செய்ததுதான், இருந்தாலும் வருகிறது. சின்னக்கடை வீதியில் வாங்கும்போது பழுத்ததாக ஒரு கிலோ, காயாக மூன்று கிலோ வாங்கு. காயை வைக்கோலுக்குள் வைத்துவிட்டால் நாலைந்து நாளில் வீடே மணக்கும். சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டுவை. பால் போகும், சூடும் தணியும்.

சாயங்காலம் ஐந்தரைக்குத் தெரு உயிர் பெறும். தள்ளுவண்டியில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம். ஒரு பக்கம் பச்சைச் சட்னி, ஒரு பக்கம் பூண்டு போட்ட சிவப்புச் சட்னி. வண்டி பக்கத்திலேயே நின்று, கொடுத்த உடனே முழுசாக வாயில் போட வேண்டிய சமாச்சாரம். நீ பார்சல் வாங்கினாயே, அது வீடு வருவதற்குள் ஊறி நமத்துப்போய்விட்டது, ‘என்ன இருக்கு இதுல’ என்று மாப்பிள்ளை கேட்டார். தப்பு வண்டிக்காரர் மேல் இல்லை. பார்சல் வேண்டுமென்றால் வெறும் தட்டுவடையும் சட்னியும் தனித்தனியாக வாங்கு. பிள்ளைகளுக்குச் சிவப்புச் சட்னி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு.

வெளியூர்ப் பயணம் இரண்டு போதும். ஏற்காடு போவதென்றால் கிழமை நாளில் போ, காலை ஏழுக்குள் அடிவாரம் தாண்டு. ஐயாயிரம் அடி உயரம், இருபது கொண்டை ஊசி வளைவு. சின்னவனுக்கு இட்லி ஒன்றுக்கு மேல் கொடுக்காதே. கோடை விழா நடக்கும் நாளில் பூவைவிடத் தலைதான் அதிகம் தெரியும். இறங்கும்போது மாப்பிள்ளை பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் இரண்டாவது கியரில் வரட்டும்.

இன்னொன்று பூலாம்பட்டி. காவிரியைக் கதவணை போட்டு நிறுத்தியிருப்பதால் ஆறு அங்கே ஏரி மாதிரி பரந்து கிடக்கும். விசைப்படகில் ஏறினால் அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். படகில் மாவட்டம் தாண்டினோம் என்று பிள்ளைகள் வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கும். கதவணை பராமரிப்புக்காகக் கோடையில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டால் படகு ஓடாது. விசாரித்துக்கொண்டு போ. லைஃப் ஜாக்கெட் கொடுக்காத படகில் ஏறாதே. அப்படியே மேட்டூர் அணை. 1934-இல் கட்டி முடித்தது, முழு நீர்மட்டம் 120 அடி. ஜூன் 12-இல் டெல்டாவுக்குத் திறப்பது வழக்கம் என்பதால் மே மாசம் மட்டம் எத்தனை அடி என்பதே ஊர்ப் பேச்சு. அங்கே மீன் வறுவலை எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுக்கும்போதே வாங்கு, அடுக்கி வைத்ததை வாங்காதே.

வெண்பட்டு வேட்டி எடுக்க வேண்டுமென்று மாப்பிள்ளை சொன்னாராம். அதற்கு ஒரு காலை ஒதுக்கு. தறி ஓடுகிற வீட்டுக்கே கூட்டிப் போகிறேன். பிள்ளைகள் பார்க்கட்டும். வடகம் தின்ற எண்ணெய்க் கையோடு பாவைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லிக் கூட்டி வா. வாங்கும்போது பேரம் பேசாதே. நாள் பூராவும் குழியில் உட்கார்ந்தவர் கூலி என்னவென்று நமக்குத் தெரியும்.

சாயங்காலம் மலைப் பக்கம் கறுத்தால் மாடியிலிருந்து பாய், தலையணை, துணி எல்லாவற்றையும் இறக்கிவிடு. கோடை மழை இங்கே காற்றோடுதான் வரும். முதல் சொட்டுக்கு முன்னால் கரண்ட் போகும். டார்ச்சும் சார்ஜ் ஏற்றின போனும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும். மழை விட்ட பிறகு மாடித் தரை குளிர்ந்து கிடக்கும். அன்றைக்கு ராத்திரி யாரும் கீழே படுக்க வேண்டாம்.

பழைய வேட்டி நாலு துவைத்து வைத்துவிட்டேன், வைக்கோலும் சொல்லிவிட்டேன். மல்கோவா வாங்கி வைப்பது நீ சொல்கிற தேதியைப் பொறுத்து. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு.