நம் நாக்குக்கு ஸ்பானிஷ் வரும்

அடுத்த மார்ச்சில் நானும் கணவரும் ஸ்பெயின் போகிறோம். எனக்கு வயது 58. கடையிலும் சாப்பாட்டு இடத்திலும் சமாளிக்கும் அளவுக்கு ஸ்பானிஷ் கற்க முடியுமா? – ஒரு வாசகி, ஆயர் தாவார்

தாராளமாக முடியும், சகோதரி. தமிழும் மலாயும் பேசுகிற உங்களுக்கு உச்சரிப்பு பெரிய சிரமமாக இருக்காது. ஸ்பானிஷில் பெரும்பாலும் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். ‘எச்’ எழுத்தை விழுங்கிவிடுங்கள். ‘ஜே’ வந்தால் ‘ஹ’ என்று சொல்லுங்கள்.

இலக்கணப் புத்தகம் இப்போது வேண்டாம். ‘கியேரோ’ என்றால் எனக்கு வேண்டும். பொருளைக் கைகாட்டி, கூடவே ‘போர் ஃபவோர்’ (தயவுசெய்து) சொன்னால் தட்டில் வந்துவிடும். பில்லுக்கு ‘லா குவென்தா’. விலைக்கு ‘குவாந்தோ குவெஸ்தா?’ கேட்பது சுலபம்தான். பதிலாக மளமளவென்று வரும் எண்தான் ஆளைத் திணறடிக்கும். அதனால் பாசார் மாலாமில் விலை அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்பானிஷில் சொல்லிப் பழகுங்கள்.

மாட்டிறைச்சி வேண்டாமென்றால் ‘சின் தெர்னேரா’. நீங்கள் சைவமென்றால் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) மட்டும் போதாது. காய்கறித் தட்டிலும் பன்றித் தொடைக்கறித் துண்டு கிடக்கும், சாலட்டில் சூரை மீன் இருக்கும். ‘சின் ஹமோன், சின் அதூன்’ என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் வணக்கம் சொல்வது அங்கே மரியாதை. மதியச் சாப்பாடு 2 மணி வாக்கில்தான். அதுவரை ‘புவேனோஸ் தியாஸ்’, அதற்குப் பிறகு ‘புவேனாஸ் தார்தேஸ்’.