தச்சர் அமைச்சரானார்

பதவியில் அமர்தல் அரிது. அமர்ந்தபின் தம்மை அமர்த்தியவர் விரும்பாத ஒன்றை, நாட்டுக்கு நன்றெனத் தாம் கருதினால் அவர் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தல் அதனினும் அரிது. அங்ஙனம் உரைத்தபின் மக்கள் மறுத்துத் தீர்ப்பளிப்பின், அத்தீர்ப்புக்குத் தலைவணங்கித் தொண்டாற்றுதல் எல்லாவற்றினும் அரிது. இம்மூன்றையும் தம் வாழ்வில் கண்டவர் ஆஸ்திரேலிய நாட்டுச் செனட்டராகிய ஜார்ஜ் பாஸ்டர் பியர்ஸ்.

அவர் தென் ஆஸ்திரேலியாவிலுள்ள மவுண்ட் பார்க்கர் என்னும் ஊரில், 1870-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள் கொல்லர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. ஆகவே, பதினோராம் வயதிலேயே பள்ளிக்கு விடைகூறி, பண்ணை வேலைக்குச் சென்றார். பின்னர்த் தச்சுத் தொழில் பயின்றார். வேலை கிடைப்பது அரிதாகவே, மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை அடைந்தார். கூல்கார்டியில் பொன் கிடைக்கிறது எனக் கேட்டு அங்கும் சென்றார், பொன் கிட்டவில்லை. மீண்டும் உளியையே நம்பினார். உடனுழைப்போரின் துன்பங்களை நேரிற்கண்ட அவர், தொழிற்சங்கம் அமைப்பதில் முன்னின்றார். அதுவே அவரை அரசியலுக்கு அழைத்துவந்தது.

1901-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், ஆறு குடியேற்ற நாடுகள் ஒன்றுகூடி ஆஸ்திரேலியப் பொதுநலக் கூட்டாட்சியை நிறுவின. கீழவையில் மக்கள் தொகைக்கேற்ப இடங்கள் வகுக்கப்பட்டன. மேலவையாகிய செனட்டிலோ, ஒவ்வொரு மாநிலத்திற்கும் தொகை வேறுபாடு கருதாது ஆறு இடங்கள் அளிக்கப்பட்டன. சிறிய மாநிலத்தின் குரல் பெரிய மாநிலங்களின் ஆரவாரத்தில் அமிழ்ந்துவிடலாகாது என்பதே இதன் நோக்கம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் நடந்த முதல் தேர்தலிலேயே, முப்பத்தொரு வயதினரான பியர்ஸ் தொழிற்கட்சியின் சார்பில் மேற்கு ஆஸ்திரேலியாவின் செனட்டராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

1908-இல் அவர் பாதுகாப்பு அமைச்சரானார். மறு ஆண்டு தொடக்கத்தில், மூன்று நாசகாரிக் கப்பல்கள் கட்டுவதற்கு அவ்வரசு ஆணையிட்டது. 1910 முதல் 1913 வரை மீண்டும் அவர் அப்பொறுப்பை ஏற்றிருந்தபோது, டண்ட்ரூனில் படைத்துறைக் கல்லூரி திறக்கப்பட்டது. கப்பற்படையும் உருப்பெற்று வந்தது. 1913 அக்டோபர் 4-ஆம் நாள், 'ஆஸ்திரேலியா' என்னும் பெரும் போர்க்கப்பல் தலைமையில் அப்படை சிட்னித் துறைமுகத்துள் நுழைந்தது. அந்நாளில் பியர்ஸ் அமைச்சராக இல்லை. அவர் கட்சி தேர்தலில் தோற்றிருந்தது. விதைத்தவர் ஒருவர், அறுவடை கண்டவர் மற்றொருவர். பொதுவாழ்வில் இஃது இயல்பே அன்றோ!

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பியர்ஸ் மீண்டும் பாதுகாப்பு அமைச்சரானார். 1916-இன் முற்பகுதியில், பிரதமர் ஹியூஸ் இங்கிலாந்து சென்றிருந்த ஆறு திங்களுக்கு மேலாக, பிரதமர் பொறுப்பையும் அவரே தாங்கினார். கடல்கடந்து போர்புரிந்தவர் அனைவரும் தாமே முன்வந்து சேர்ந்தவர்கள். இறப்போர் தொகை பெருகவே, சேருவோர் தொகை போதவில்லை. எனவே, கட்டாயப் படைச்சேவை வேண்டுமென்று ஹியூஸ் கூறினார், பியர்சும் உடன்பட்டார். அவரை வளர்த்த தொழிற்கட்சியோ அதனைக் கடுமையாக எதிர்த்தது. அயல்நாட்டுப் போருக்கு ஒருவனை வலிந்து அனுப்புதல் உரிமையைப் பறிப்பதாகும் என்பது அக்கட்சியினர் கருத்து. போர்முனையில் உள்ளாரைத் துணையின்றிக் கைவிடலாகாது என்பது பியர்சின் கருத்து. இருபுறத்தும் நியாயம் இருந்தமையால் பிளவு ஆழமாயிற்று.

1916 அக்டோபர் 28-ஆம் நாள், இவ்வழக்கு மக்கள் முன் வைக்கப்பட்டது. 10,87,557 பேர் ஆதரித்தும், 11,60,033 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். அடுத்த திங்களில் ஹியூசும் பியர்சும் கட்சியைவிட்டு வெளியேறினர். இளமைமுதல் உடனுழைத்த தோழர் பலர் பகைவராயினர். 1917 திசம்பரில் நடந்த இரண்டாம் வாக்கெடுப்பிலும் மக்கள் மறுத்தனர். அரசு அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. போர் முடியுமட்டும் ஆஸ்திரேலியப் படை தன்விருப்பப் படையாகவே நின்றது. அமைச்சரின் கருத்தினும் மக்களின் தீர்ப்பே பெரிது என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

போருக்குப்பின், 1921-இல் கூடிய வாஷிங்டன் மாநாட்டிற்குப் பியர்ஸ் சென்றார். கடற்படைகளைக் குறைக்கும் உடன்படிக்கையில் தம் நாட்டின் சார்பாகக் கையொப்பமிட்டார். அவ்வுடன்படிக்கையின்படி, 1924 ஏப்பிரல் 12-ஆம் நாள் 'ஆஸ்திரேலியா'க் கப்பல் சிட்னிக்கு அப்பால் ஆழ்கடலில் அமிழ்த்தப்பட்டது. தாம் வளர்த்த படையின் தலைமைக் கப்பலையே அமைதியின் பொருட்டு இழக்க அவர் இசைந்தார்.

1933-இல் மேற்கு ஆஸ்திரேலியா கூட்டாட்சியினின்றும் பிரிய விழைந்தது. தம் மாநிலத்தாரிடமே சென்று, பிரிதல் தகாதென்று பியர்ஸ் வாதாடினார். பிரிவினையை ஆதரித்தோர் 1,38,653 பேர். எதிர்த்தோர் 70,706 பேரே. பிரிவினை நிறைவேறாது போயினும், பியர்ஸ்மீது எழுந்த சினம் அடங்கவில்லை. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். 1938 சூன் 30-ஆம் நாளுடன் அவரது முப்பத்தேழு ஆண்டுச் செனட்டுப் பணி முற்றுப்பெற்றது. அவற்றுள் இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேல், நான்கு பிரதமர்களின்கீழ் அமைச்சராக விளங்கினார். 1952-ஆம் ஆண்டு இயற்கை எய்தினார்.

குறையற்றவர் உலகில் இலர். வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுத்த கொள்கையை அவரும் ஆதரித்தார். போர்க்காலத்தில் செய்தித்தாள்கள்மீது விதிக்கப்பட்ட கடுந்தணிக்கையிலும் அவருக்குப் பங்குண்டு. இவற்றை மறைத்துப் புகழ்தல் வரலாறு ஆகாது. ஆயினும், தமக்கு வாக்களிப்போர் உவப்பதையே உரைத்து இடம்காத்தவர் அல்லர் அவர். மெய்யெனத் தாம் நம்பியதை உரைத்தார். அதற்குரிய விலையையும் தாமே செலுத்தினார். நாளைய குடிமக்களாகிய மாணவர்கள், ஒரு தலைவரை எடைபோடுங்கால், அவர் எத்தனை ஆண்டு பதவியில் இருந்தார் என்பதோடு நில்லாது, அப்பதவியை எதற்காக இழக்கத் துணிந்தார் என்பதையும் உசாவி அறிதல் வேண்டும்.