இரண்டு வாரப் பயிற்சி எதற்கு உதவும்?

கேள்வி: மலாவி, ஜாம்பியா போன்ற நாடுகளுக்கு வெளிநாட்டுக் குழுக்கள் இரண்டு வாரம் போய்ச் சபைத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கின்றன. அதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு, உள்ளூர்ச் சபை அழைத்துப் போனால். அங்கே கிராமப்புறங்களில் ஒரு போதகரின் பொறுப்பில் பல சபைகள் இருக்கும். ஞாயிறு பிரசங்கம், அடக்க ஆராதனை எல்லாம் பெரும்பாலும் மூப்பர்கள் தலையில்தான். அவர்கள் மக்காச்சோளம் விளைவிக்கும் விவசாயிகள். குடும்பத்தை விட்டுவிட்டு மூன்று வருடம் இறையியல் கல்லூரியில் போய் உட்கார முடியாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், விதைப்பும் களையெடுப்பும். கிறிஸ்துமஸ் விடுமுறை கிடைத்ததே என்று அப்போது போய் இறங்கினால் வகுப்பில் யார் இருப்பார்கள்? அறுவடை முடிந்த பிறகுதான் தோது. மொழிபெயர்ப்பாளர் நின்று சிச்சேவாவில் சொல்லும்போது இரண்டு மணி நேர வகுப்பில் ஒரு மணி நேரப் பாடமே நடக்கும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மூப்பர்கள் கேட்பதோ வேறு: முன்னோர் சடங்கில் கலந்துகொள்ளலாமா, பரிசப் பணம் கட்டி முடிக்காத தம்பதிக்குத் திருவிருந்து உண்டா? விருந்தினரிடம் இதற்கு விடை இருக்காது. பக்கத்து ஊர்ப் போதகரிடம் இருக்கும். அவரை மேடையேற்றுங்கள். தென்னாப்பிரிக்கரான டியோ சோகா ஸ்காட்லாந்தில் பயின்று குருப்பட்டம் பெற்றது 1856-இல். ஆகவே ஆப்பிரிக்காவில் ஆளில்லை என்ற நினைப்போடு கிளம்ப வேண்டாம். ஊரைவிட்டுப் போகாமலே படிக்க, ஜோகன்னஸ்பர்க்கில் 1976-இல் தொடங்கிய தொலைநிலை இறையியல் கல்லூரி இருக்கிறது. விமானச் செலவில் ஒரு பகுதியை அப்படிப் படிக்கும் ஒருவருக்குக் கட்டணமாகக் கொடுக்கலாமே.